அசதிக்குக் காரணம் சோம்பலா, சோகையா?



"நாலு பாத்தி களை எடுக்கிறதுக்குள்ளே மூச்சு வாங்குது, படுத்தா எழுந்திருக்க முடியலே" என்று சொல்லாத பெண் நம் ஊர்ப்பக்கம் குறைவு. வீட்டிலே அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து விடுகிறோம். பல பேருக்கு அது இரத்த சோகை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்குச் சோகை. ஆண்களுக்கும் வருவதுண்டு.

மூச்சுக் காற்றிலுள்ள பிராணவாயுவை உடம்பு முழுக்கச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அது உண்டாக இரும்புச் சத்து வேண்டும். மாதவிலக்கிலும் பிரசவத்திலும் பெண்ணுக்கு அது செலவாகிறது. சோகையோடு பிரசவத்துக்குப் போகிறவளுக்கு இரத்தப்போக்கு அதிகமானால் உயிருக்கே ஆபத்து. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் 3 வருஷம் இடைவெளி விடச் சொல்வது இதற்காகவும்தான்.

முருங்கைக்கீரை, கம்பு, தட்டைப்பயறு எல்லாம் நம்மிடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவற்றிலுள்ள இரும்பில் கொஞ்சந்தான் உடம்பில் சேரும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தக் கொஞ்சமும் குறைந்து போகும். டீயை விடச் சொல்லவில்லை; ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கறி, மீன், சுவரொட்டியிலுள்ள இரும்பு சுலபமாகச் சேரும். பீட்ரூட் சிவப்பாயிருப்பதால் இரத்தம் ஊறும் என்பது வெறும் நம்பிக்கை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சுவது தண்ணிக் குழம்புதான், அதுதான் அவளுக்கு. நீங்கள் உட்காரும்போதே அவளையும் உட்காரச் சொல்லுங்கள். காட்டுக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியே ஏறி, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும்.

கர்ப்பிணிக்கு நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். மலம் கறுப்பாய்ப் போகும், பயப்பட வேண்டாம். பிள்ளை கறுத்துப் போகும் என்று கிழவிகள் சொல்வதை நம்பாதீர்கள். குமட்டினால் இராச்சாப்பாட்டுக்குப் பின் போடலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்துப் போடாதீர்கள். 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

துணை சுகாதார நிலையத்தில் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கர்ப்பிணிக்கு 11, மற்றப் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமாவது இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனால் மாத்திரை போதாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.