கொடுத்த வாக்கு
(மீலாத் விழாக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்று விசுவாசிகளுக்கு இடும் கட்டளையோடுதான் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகின்றது. சட்டம் பயின்ற எனக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

கி.பி. 628இல் ஹுதைபிய்யாவில் நபிகள் நாயகம் அவர்கள் மக்காக் குறைஷியரோடு பத்தாண்டுச் சமாதானம் செய்தார்கள். மக்காவிலிருந்து அனுமதியின்றி வருவோரைத் திருப்பி அனுப்புவது அதன் விதிகளுள் ஒன்று. ஒப்பந்தம் எழுதப்படும் வேளையிலேயே, குறைஷியரின் தூதர் சுஹைலின் மகன் அபூ ஜந்தல், இஸ்லாத்தை ஏற்றமைக்காகப் பூட்டப்பட்ட விலங்கோடு அடைக்கலம் தேடி வந்தார். தோழர்களின் நெஞ்சம் துடித்தது. ஆயினும் பேசிய வாக்கே நின்றது. அவர் திருப்பி அனுப்பப்பட்டார்.

1957இல் பண்டாரநாயக்கா அவர்கள் தந்தை செல்வாவோடு செய்த ஒப்பந்தத்தை மறு ஆண்டே கைவிட்டார். அதனை நாம் மறக்கவில்லை. ஆனால், 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தலைமுறை தலைமுறையாக அயலவரோடு நாம் வாழ்ந்த உறவு என்னவாயிற்று? எழுதாத ஒப்பந்தமும் ஒப்பந்தமே அன்றோ!

மீண்டு வருவோரின் காணியையும் கிணற்றையும் எல்லை பிசகாது ஒப்படையுங்கள். பிறர் வாக்குத் தவறியதைக் கண்டிக்கும் உரிமை, தன் வாக்கைக் காப்பவனுக்கே உண்டு.