பற்றரி விளக்கும் இல்லத்தார் பொறுப்பும்



மின்சாரம் மலைநாட்டுக்குப் பிறந்த வீட்டுச் செல்வம் என்றால் மிகையாகாது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஹட்டனை அடுத்த பள்ளத்தாக்குகளின் வழியே பாய்ந்து, களனி கங்கையாக ஒன்றுசேர்வதற்கு முன்னரே மின்னாற்றலை ஈந்துவிடுகின்றன. இவ்வருவிகளின் வலிமையால் இலங்கைக்கு ஒளியூட்ட முடியும் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதினார். அக்கனவு லக்ஷபானவில் நனவானது 1950ஆம் ஆண்டில்தான். பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. நோட்டன் பிரிட்ஜில் 1965ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய மின்னிலையம் அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஆனால், நாட்டுக்கு ஒளி தந்த இம்மலைகளிலே தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயன் அறைகள் நெடுங்காலம் குப்பி விளக்கின் மங்கிய ஒளியிலேயே கிடந்தன. தோட்டத்துத் தொழிற்சாலையில் பொறிகள் மின்னாற்றலால் சுழன்றுகொண்டிருக்க, அதன் அருகே கொழுந்து பறித்தவரின் பிள்ளை மண்ணெண்ணெய்ப் புகையிலே பாடம் படித்தது. காலப்போக்கில் மின்கம்பி லயன்களையும் வந்தடைந்தது. வந்த ஒளி இடையிடையே நின்றுபோகும் துன்பமும் உடன் வந்தது.

மின்தடைக்குக் காரணங்கள் பல. மழை பொய்த்தால் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் எச்சங்கள் வெளியே தலைகாட்டும். அக்காட்சியைக் கண்ட முதியோர் மின்வெட்டை எதிர்பார்ப்பது வழக்கம். 1996ஆம் ஆண்டின் வறட்சி அத்தகையது. 2022ஆம் ஆண்டிலோ வானம் மட்டும் காரணமன்று. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்றபோதும் மின்வெட்டு தொடர்ந்தமையால், அது மனித உரிமைகள் ஆணைக்குழு வரை சென்ற பிரச்சினையாயிற்று. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததன் விளைவாக நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியோ மலைச்சரிவுகளைப் பெயர்த்து, வீதியையும் மின்கம்பியையும் தொலைபேசியையும் ஒருங்கே துண்டித்தது.

இந்நிலையில் பல இல்லத்தார் பற்றரி ஒன்றையும் இன்வேர்ட்டர் என்னும் கருவியையும் வாங்கி வைக்கின்றனர். மின்கலவடுக்கு என்று பாடநூல்கள் கூறும் பற்றரி, மின்னாற்றலைச் சேமித்து நேரோட்டமாகத் தருவது. இன்வேர்ட்டர் அதனை வீட்டுக் கருவிகளுக்கேற்ற 230 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்றுவது. இவ்விரண்டும் நல்ல பணியாளர். ஆயினும் அளவும் முறையும் அறிந்து ஏவுவோருக்கே நல்ல பணியாளர்.

முதலில் அளவு. பற்றரி மணிமேகலை கையில் இருந்த அமுதசுரபி அன்று. எடுக்க எடுக்கக் குறையும் பாத்திரமே. பன்னிரண்டு வோல்ற்று, நூறு அம்பியர் மணி என்று எழுதப்பட்ட ஈய அமிலப் பற்றரி ஒன்றைக் கருதுக. பன்னிரண்டை நூறால் பெருக்கினால் 1200 உவாற்று மணி. இது ஏட்டுக் கணக்கு. ஈயப் பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் விரைவிலே குன்றும். ஆதலால் பயன்கொள்ளத் தக்கது 600 உவாற்று மணி. இன்வேர்ட்டர் தன் வேலைக்கெனச் சிறிது உண்ணும். மலைக்குளிரில் ஈயப் பற்றரியின் கொள்ளளவும் ஓரளவு சுருங்கும். எல்லாம் போக 500 உவாற்று மணி கிடைத்தால் அதுவே மெய்க்கணக்கு.

இந்த 500 எவ்வளவு தூரம் வரும்? ஒன்பது உவாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் மூன்று ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 135. நாற்பது உவாற்றுத் தொலைக்காட்சி இரண்டு மணித்தியாலம் ஓடினால் 80. இணைய இணைப்புப் பெட்டி ஐந்து மணித்தியாலத்துக்கு 50. இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு மின்னேற்ற 30. ஆக 295. எஞ்சிய இருநூறில், முதியவர் எழுந்து நடமாட ஒரு சிறு விளக்கை விடியும்வரை எரியவிட்டாலும் மீதி இருக்கும். அதே வீட்டில் அறுபது உவாற்றுப் பழைய இழை மின்குமிழ்கள் மூன்று எரியுமாயின், வேறெதுவும் இயங்காவிடினும் மூன்று மணித்தியாலம் நிறைவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும்.

குளிர்நாடாகிய ஹட்டனில் சுடுநீரே பெருந்தேவை. மின்கேத்தல், நீர் சூடாக்கி, இஸ்திரிக்கை, சோறு சமைக்கும் மின்கலன் ஆகியவை யாவும் வெப்பம் உண்டாக்குவன. வெப்பம் உண்டாக்குவன யாவும் பற்றரியின் பகைவர். 1800 உவாற்றுக் கேத்தல் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 150 அம்பியருக்கும் மேல் இழுக்கும். சிறிய இன்வேர்ட்டர் அக்கணமே நின்றுவிடும். பெரிய இன்வேர்ட்டர் ஆயின் சில நிமிடங்களில் பற்றரி களைத்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இயங்கும்போது சிறிதே உண்டாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். கதவைத் திறவாமல் வைத்தால் அது சில மணித்தியாலம் தானே குளிர்ச்சியைக் காக்கும். எனவே தேநீருக்கு அடுப்பும், ஒளிக்குப் பற்றரியும் என்று தொழிலைப் பகுத்துக்கொள்வதே விவேகம்.

அளவை அறிந்தபின் முறை. மின்தடை நேரத்தில் "இதை நிறுத்து, அதை ஏற்றாதே" என்று இருளில் நின்று வீட்டாரைக் கண்டிப்பது பயனற்றது. வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியிலேயே சுற்றுகளை இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். கூடத்து விளக்கு, பிள்ளைகள் படிக்கும் மேசை விளக்கு, சமையலறை விளக்கு, ஒரு சிறு மின்செருகி ஆகியன இன்றியமையாச் சுற்று. கேத்தலும் சூடாக்கியும் செருகப்படும் கனத்த சுற்றுகள் மற்றொன்று. முதலாவது சுற்று மட்டுமே இன்வேர்ட்டரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். அவ்வாறு பிரித்துவிட்டால், மறதியால் கேத்தலைத் தட்டினாலும் தீங்கில்லை. அச்சுற்றில் மின்சாரமே இராது.

சுற்றைப் பிரிக்கும்போது பலர் உயிர்க்கம்பியை மட்டும் இன்வேர்ட்டருக்கு மாற்றி, நொதுமல் கம்பியைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகின்றனர். இது பெரும் பிழை. ட்ரிப் சுவிட்ச் என மக்கள் வழங்கும் காப்புக் கருவி, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று எண்ணிப் பார்ப்பது. நொதுமல் கலந்துவிட்டால் அதன் கணக்குத் தவறும். காரணமின்றி விழும், அல்லது விழவேண்டிய வேளையில் விழாது நிற்கும். அன்றியும், இன்வேர்ட்டரின் வெளியீடு புவியோடு முறையாகத் தொடர்புபடாதிருந்தால், மின்னொழுக்கு ஏற்பட்டாலும் ட்ரிப் சுவிட்ச் அதனை உணராது போகலாம். ஆகையால் இவ்வேலையைத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். அவர் முன்னிலையிலேயே ட்ரிப் சுவிட்சை முதன்மை மின்சாரத்திலும் பற்றரி மின்சாரத்திலும் சோதித்துக் காட்டச் சொல்லுதல் வீட்டுக்காரரின் உரிமை.

இனி, உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்று. சிலர் இருபுறமும் செருகி பூட்டிய வயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையை இன்வேர்ட்டரிலும் மறுமுனையைச் சுவரிலும் செருகி வீடு முழுவதையும் ஒளிரச் செய்கின்றனர். செலவு மிகக் குறைவு, ஆபத்தோ அளவிடற்கரியது. கழன்ற முனையின் உலோகப் பற்கள் 230 வோல்ற்றுடன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தையின் விரல் போதும். அதனினும் கொடியது, வீட்டு மின்சாரம் மீற்றரைக் கடந்து வெளியே வீதிக் கம்பிக்குப் பாய்தல். அங்கே மின்மாற்றி அதனைப் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்தவும் கூடும். கொட்டும் மழையில், சரிந்த மண்ணின்மேல் ஏணி சாத்தி, அறுந்த கம்பியைப் பிணைக்கக் கம்பத்தில் ஏறும் ஊழியர் அக்கம்பி உயிரற்றது என்று நம்பியே கைவைக்கிறார். "சிறிய இன்வேர்ட்டர்தானே, சுமை தாங்காது நின்றுவிடும்" என்று சொல்வோர் உளர். கம்பி அறுந்த இடத்தில் சுமை எவ்வளவு என்று யார் அளந்தார்? மனிதருக்குத் தீங்கு செய்ய ஒரு கணம் போதும். எனவே முதன்மை மின்சாரமும் பற்றரி மின்சாரமும் ஒருபோதும் ஒருங்கே இணைய இயலாதவாறு, ஒன்றை விட்டால்தான் மற்றொன்றைப் பற்றக்கூடிய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். தன்னியக்க மாற்றி உள்ளே அமைந்த இன்வேர்ட்டரும் நன்றே. அதன் வெளியீடு பிரித்த சுற்றுக்கு மட்டுமே செல்ல வேண்டும்.

பன்னிரண்டு வோல்ற்று கையைத் தாக்காது என்பது மெய். ஆனால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சாவி விழுந்தால், பாயும் மின்னோட்டம் அச்சாவியைச் சிவக்கக் காய்ச்சிவிடும். ஐந்நூறு உவாற்றுச் சுமைக்கே பற்றரிக் கம்பியில் ஏறத்தாழ 50 அம்பியர் ஓடுவதால், அக்கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். நேர்முனையை ஒட்டியே தக்க உருகி ஒன்று பூட்டப்பட வேண்டும். மின்னேறும் வேளையில் ஈயப் பற்றரி ஐதரசன் வாயுவை வெளிவிடும். மலைநாட்டார் குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்தே வைப்பர். அடைத்த அறையிலே, கட்டிலுக்கு அடியிலே, சுவாமி விளக்கின் அருகிலே பற்றரியை வைத்தல் ஆகாது. காற்றோட்டமுள்ள இடத்தில், பிள்ளைகள் எட்டாத மரப்பலகைமேல் அது இருக்கட்டும். மூடி திறக்கும் வகையாயின் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் சேர்க்க வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் கூடா. உள்ளிருப்பது கந்தக அமிலம் என்பதை மறவாது கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும்.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி விலை கூடியது. ஆயினும் அதன் சேமிப்பில் ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காது பயன்படுத்தலாம். ஒரு விதி மட்டும் நினைவில் இருக்கட்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதற்கு மின்னேற்றுதல் கூடாது. ஹட்டனில் அந்நிலை அரிது. தை மாத விடியலில் உறைபனி காணும் நுவரெலியாவில் பற்றரியைத் திறந்த திண்ணையில் வைப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

இதுகாறும் கூறியவை தனி வீடுகளுக்குப் பொருந்துவன. லயன் அறைகளின் நிலை வேறு. ஒரே கூரையின்கீழ் நிரையாகவும், முதுகோடு முதுகாகவும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓர் அறையில் மின்னொழுக்கால் மூண்ட தீ, மரச்சட்டங்களின் வழியே அடுத்தடுத்த அறைகளுக்கு ஓடி, ஒரு நாழிகைக்குள் முழு நிரையையும் சாம்பலாக்கிய செய்திகள் தோட்டப் பகுதிகளிலிருந்து மீண்டும் மீண்டும் வருகின்றன. பிறப்புச் சான்றிதழும் பாடநூலும் சேமித்த சிறு நகையும் ஒருங்கே எரிந்துபோகும் துயரம் அது. ஒருவரின் கவனக்குறைவு பன்னிரண்டு குடும்பங்களின் இழப்பாக முடியும் இடத்தில், பழுதுபட்ட பழைய வயரிங்குக்கு இன்வேர்ட்டரைப் பொருத்துதல் தகாது. அடுத்த அறைக்கு வயர் இழுத்துக் கொடுத்தலும் தகாது.

அத்தகைய அறைகளுக்கு எளிய வழி உண்டு. 230 வோல்ற்றை உண்டாக்காமலே, உருகி பூட்டிய சிறு பற்றரியிலிருந்து பன்னிரண்டு வோல்ற்று எல்.ஈ.டி. விளக்கை நேரே எரிக்கலாம்; மின்னேற்றத்தக்க கைவிளக்கு அதனினும் எளிது. இருபது உவாற்றுச் சூரியத்தகடு ஒன்று வெயில் நாளில் இதற்குப் போதிய ஆற்றலைத் தரும். ஊர்திப் பற்றரியைத் தோளில் சுமந்து கடைக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வந்து தொலைக்காட்சி பார்த்த தலைமுறைக்கு இம்முறை புதிதன்று. அன்று பொழுதுபோக்குக்குச் செய்ததை இன்று பாதுகாப்புக்குச் செய்யலாம். குப்பி விளக்கு கவிழும் அச்சமும் அதனோடு ஒழியும்.

இறுதியாக, சேமித்த மின்சாரத்தை எவ்வரிசையில் செலவிடுவது என்ற கேள்வி எஞ்சுகின்றது. மழைக்காலத்தில் முதற்பங்கு கைத்தொலைபேசிக்கும் வானொலிக்கும் உரியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை, பெரும்பாலும் இவ்விரண்டின் வழியாகவே மலைச்சரிவில் உறங்கும் குடும்பத்தை எட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்தை அழைக்கவும் தொலைபேசியில் உயிர் இருக்க வேண்டும். ஆகவே எச்சரிக்கை நீங்கும்வரை, பற்றரியில் ஒரு பங்கை வேறெதற்கும் தொடாது வைத்தல் கடமை. இரண்டாம் பங்கு படிக்கும் பிள்ளைக்கு. மூன்றாம் பங்கு நோயாளிக்கும் முதியோருக்கும் துணையாகும் இரவு விளக்குக்கு. மருத்துவக் கருவியால் மூச்சு விடுவோர் இல்லத்தில் அதுவே எல்லாவற்றுக்கும் முதன்மை பெறும். தொலைக்காட்சிக்கு உரியது இவற்றின்பின் எஞ்சுவது மட்டுமே.

இவ்வரிசையைப் பகல் வெளிச்சத்திலேயே குடும்பத்தார் கூடிப் பேசி, ஒரு தாளில் எழுதி, மின்பகிர்வுப் பெட்டியின் அருகே ஒட்டிவைப்பது நலம். எந்த ஆளியை முதலில் நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் படித்து அறியும்படி அது எழுதப்படட்டும். பெரியவர்கள் கொழுந்து மலையிலோ நகரத்து வேலையிலோ இருக்கும் மாலையில் மின்சாரம் நின்றால், அந்தத் தாளே வீட்டுக்கு வழிகாட்டி.