பிள்ளையின் மலம் வெளுத்தால் காத்திருக்க வேண்டாம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் கொழுந்து நிறையைப் பற்றியும் நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்றைக்கு ஈரலைப் பற்றிப் பேசுவோம். குறிப்பாக, ஈரலிலிருந்து பித்தம் வடிந்து போகும் குழாய்களைப் பற்றி. இது டொக்டர்மாரின் விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். லயத்தில் பிறக்கும் ஒரு பிள்ளையின் உயிர், இதை நாம் தெரிந்து வைத்திருப்பதில் தங்கியிருக்கலாம்.

நமது ஈரல் ஒரு நாளைக்கு அரை லீட்டரிலிருந்து ஒரு லீட்டர் வரை பித்தம் சுரக்கிறது. தலைமயிரை விட மெல்லிய குழாய்களில் அது வடியத் தொடங்குகிறது. மலையில் சின்னக் கான்கள் பெரிய கானில் சேர்ந்து ஆற்றுக்குப் போவது போல, அந்தக் குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து குடலுக்குப் போகின்றன. பித்தம் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. மலத்துக்கு மஞ்சள், தவிட்டு நிறங்களைக் கொடுப்பதும் அதுதான்.

கான் அடைபட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தண்ணீர் திரும்பி மண்ணை அரிக்கும். பித்தக் குழாய் அடைபட்டாலும் அப்படித்தான். பித்தம் ஈரலுக்குள் தேங்கி இரத்தத்தில் கலக்கிறது. கண் மஞ்சளாகிறது. சிறுநீர் சாயத்தண்ணி போலக் கறுக்கிறது. உடம்பு அரிக்கிறது. பித்தம் குடலுக்குப் போகாததால் மலம் வெளுத்துப் போகிறது.

அப்போது ஈரல் சும்மா இருப்பதில்லை. குழாய்களின் உட்சுவரில் இருக்கும் கலங்கள் பெருகிப் புதிய சிறு குழாய்கள் முளைக்கின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலை தளிர் விடுவது போல இது உடம்பு தன்னைத் தானே காப்பாற்றும் முயற்சி. ஆனால் கவ்வாத்து வெட்டிய செடியை மாதா மாதம் வெட்டினால் அது பட்டுப்போகும் அல்லவா? அது போல, அடைப்போ காயமோ நீங்காமல் தொடர்ந்தால், முளைத்த குழாய்களைச் சுற்றித் தழும்பு படர்கிறது. ஈரல் இறுகுகிறது. இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இந்த நிலை வரப் பெரும்பாலும் பல வருடங்கள் எடுக்கும். கசிப்பும் சாராயமும், ஈரலைத் தாக்கும் வைரஸும், பித்தக் குழாயில் சிக்கும் கல்லும் இதற்குக் காரணங்கள். காரணத்தை நேரத்தோடு நீக்கினால் ஈரல் பெருமளவு தேறிவிடும். ஆனால் கைக்குழந்தைக்கு வருடங்கள் இல்லை. வாரங்கள்தான் உண்டு.

பிறந்த பிள்ளைக்கு முதல் வாரத்தில் மஞ்சள் வருவது சாதாரணம். நிறைமாதப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். சில பிள்ளைகளுக்கு மட்டும், ஈரலுக்கு வெளியே இருக்கும் பித்தக் குழாய் பிறந்த சில வாரங்களுக்குள் அடைபட்டு அழிந்துபோகிறது. இது அரிதான நோய். வைத்தியம் செய்யாவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், முதல் வாரங்களில் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், பார்வைக்குச் சுகமாக இருக்கும்.

1950களில் ஜப்பானில் மொரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இதற்கு வழி கண்டார். குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து ஈரலோடு தைத்து, பித்தம் வடிய வழி செய்தார். பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். பிந்தினால் தழும்பு முந்திவிடும். தாய்வானில் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மாருக்கு மல நிற அட்டை கொடுக்கிறார்கள். தாய் நிறத்தைப் பார்த்தே நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

ஆகவே தாய்மாரே, ஆச்சிமாரே, துணியைத் துவைக்குமுன் பாருங்கள். மலம் சுண்ணாம்பு போல, களிமண் போல, வெளிறிய மஞ்சளாக இருந்தால் அன்றைக்கே மிட்வைப்பிடம் காட்டுங்கள். மஞ்சள் 14 நாளைத் தாண்டினால், மலம் எந்த நிறமாக இருந்தாலும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். காலை வெயிலோ, கீழ்க்காய்நெல்லியோ, மந்திரித்த தண்ணீரோ அடைபட்ட குழாயைத் திறக்காது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இந்த நோய் தாய் சாப்பிட்டதால் வந்தது என்று மருமகளைக் குறை சொல்லவும் வேண்டாம். அது அவள் குற்றமல்ல.

பேராதனையிலும் கொழும்பிலும் அரசாங்கச் சிறுவர் வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேருவதுதான் நமக்குப் பெரிய மலை. பஸ் காசு வேண்டும். கூடப் போகும் புருஷனுக்கு அன்றையப் பேர் போகும். அந்தக் கணக்கைப் பார்த்து அடுத்த வாரம் போகலாம் என்று எத்தனை வீடுகளில் சொல்கிறோம்! 60 நாளில் ஒரு வாரம் சின்ன விஷயமல்ல.

அதனால் நாம் கேட்பது இது: கைக்குழந்தையை வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லித் துண்டு எழுதப்பட்டால், தோட்ட நிர்வாகம் வாகனம் கொடுக்க வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றையப் பேர் போட வேண்டும். இதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் துரையிடம் எழுத்தில் கொடுக்கட்டும். பதில் வரும்வரை, அப்படிப் போகும் குடும்பத்துக்குப் பஸ் காசை நமது கமிட்டியே சேர்த்துக் கொடுக்கட்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பக்கத்துக் காம்பராவில் பிள்ளை பெற்றிருக்கும் தாயிடம் இதைச் சொல்லுங்கள்.