ரைன் நதிக்கரைக் கோட்டைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஜேர்மனிக் கிளையின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற கோடையில் நாங்கள் குடும்பங்களாக ரைன் பள்ளத்தாக்கிற்குப் போய்வந்தோம். பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை 65 கிலோமீற்றர். அதற்குள் நாற்பது வரையான கோட்டைகள். 2002இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற இடம்.

"இங்கே இராசகுமாரிகள் இருந்தார்களா?" என்று கப்பலில் பிள்ளைகள் கேட்டார்கள். இருந்தவர்களில் பலர் சுங்கம் அறவிட்டவர்கள்! கௌப் என்ற ஊருக்கு முன்னால், நடு ஆற்றில் நிற்கும் சிறு கோட்டை 1327 அளவில் அதற்காகவே எழுந்தது. சங்கிலியால் ஆற்றை மறித்தார்கள். அடுத்த வளைவில் இன்னொரு பிரபு, இன்னொரு சுங்கம். போர்க்காலத்தில் வவுனியாவைத் தாண்டுவதற்குள் எத்தனை இடத்தில் இறங்கிப் பையைத் திறந்து காட்டினோம் என்று இன்றும் எண்ணிச் சொல்லக்கூடிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்களை அதிகநேரம் நிறுத்திவைத்தது ரைன்ஃபெல்ஸ் இடிபாடு. 1245இல் கட்டியது. சுங்கத்தைக் கூட்டியதால் ரைன் நகரங்கள் திரண்டு ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட்டும் விழவில்லை. 1794இல் பிரெஞ்சுப் படையிடம் சண்டையில்லாமலே கைமாறியது. அவர்களே பின்னர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த ஸ்டோல்சன்ஃபெல்ஸ் கல்யாண மண்டபம் போல அழகுதான். எங்களுக்கு இடிந்ததே பிடித்தது. யாழ்ப்பாணக் கோட்டையின் சிதைந்த மதில்களைக் கண்டவர்கள் அங்கே அதிகம் பேசவில்லை.

ஒருபோதும் அழிக்கப்படாத மலைக்கோட்டை மார்க்ஸ்பேர்க். வருகிறவர்கள் அதையும் பாருங்கள். பாறையில் வெட்டிய படிகள். சாறி வேண்டாம், நல்ல சப்பாத்துப் போட்டு வாருங்கள்.