மலைப்பாதையும் பழைய பேட்டரியும்



ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜின் உண்டு. மின்சார மோட்டாரும் உண்டு. மோட்டாருக்கு மின்சாரம் தருவது பேட்டரி. 1997ஆம் ஆண்டு ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் என்ற ஹைபிரிட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் நாட்டிலும் பழைய ஹைபிரிட் கார்கள் விலைக்கு வருகின்றன. கடன்பட்டு வாங்குவோரும் உண்டு. பேட்டரி கெட்டால் பெரும் செலவு.

கல்கா ஊர் சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மலை ஏறினால் சிம்லா. அதன் உயரம் சுமார் 2,200 மீட்டர். ஏறும்போது பேட்டரி இன்ஜினுக்குத் தோள் கொடுக்கிறது. மின்சாரம் குறைகிறது. இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மின்சாரம் உண்டாகிறது. பேட்டரி நிறைகிறது.

இப்படி நிறைந்து குறைந்து வந்தால் பேட்டரி சூடாகும். சூடுதான் அதற்குப் பகை. பல கார்களில் பின்சீட்டு அருகே காற்று போகும் வழி உண்டு. அதை மூட்டை வைத்து அடைக்கக் கூடாது. தூசியும் சேரக் கூடாது.

தூர்ந்த குளம் ஒரே மழையில் நிறையும். சில நாளில் வற்றும். தேய்ந்த பேட்டரியும் அப்படித்தான். ஏற்றத்தில் சட்டென்று வற்றும். இறக்கத்தில் சட்டென்று நிறையும். சமவெளியில் இந்தக் குறை எளிதில் தெரியாது.

ஆகவே, வாங்கும் முன் மேட்டில் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக்கிடம் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்காதீர்கள். அதிலுள்ள மின்சாரம் உயிரைப் பறிக்கும்.