பழைய பிரிண்டர் ஏன் மெதுவாக அடிக்கிறது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் பொந்தியானைச் சேர்ந்த அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய ஐயா கல்விக் கடனைப் பற்றிப் பேசினார். அதற்கு முன் பேசிய அம்மா நீரிழிவு நோயைப் பற்றிப் பேசினார். இப்போது நான் வந்து பிரிண்டரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிரிண்டர் துணி போட்டு மூடிக் கிடக்கிறது? 18.3.2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் என்று ஆசிரியர்கள் கைப்பேசி வழியாகப் பயிற்றிகளை அனுப்பினார்கள். பெற்றோர் பலர் அப்போதுதான் முதன் முதலாகப் பிரிண்டர் வாங்கினோம். அந்தப் பிரிண்டர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. மனிதர்களைப் போலவே அவையும் மெதுவாக நடக்கின்றன.

நான் பொறியியல் படித்தவள் அல்ல. வெகுசனத் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கியவள். ஆனால் எங்கள் தொழிலில் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுத்துப் படி அச்சாகி வராவிட்டால் என்ன பாடு படுவோம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த இயந்திரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பழகியிருக்கிறேன்.

எங்கள் பொந்தியானில், ஒரு தாமானில், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். கணவருக்கு முதுகுத் தண்டில் கோளாறு. வேலைக்குப் போக முடியாது. அக்கா டியூஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்றிகள் அச்சடித்துக் கொடுக்கிறார். கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ், பிள்ளைகளுக்கு ஃபோலியோ அட்டை, யாராவது தவறிவிட்டால் கருமக்கிரியை அழைப்பு, எல்லாம் அந்த ஒரு பிரிண்டரில்தான். பக்கத்துக்கு இத்தனை சென் என்று வரும் காசில் குடும்பம் நடக்கிறது. ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது. நாளைக் காலையில 40 பிள்ளைங்களுக்கு ஆறு ஆறு பக்கம் கொடுக்கணும். புதுசு வாங்கிடலாமா?" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 பக்கம், பக்கத்துக்கு இரண்டு நிமிடம், மொத்தம் எட்டு மணி நேரம். விடிய விடிய உட்கார வேண்டும். புதிய பிரிண்டருக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி வேண்டும். அதை அக்கா யாரிடம் போய்க் கேட்பார்?

நான் போனதும் செய்த முதல் காரியம், கணினியை மறந்துவிட்டுப் பிரிண்டரின் மேல் ஒரு தாளை வைத்து நகல் பொத்தானை அழுத்தியதுதான். சாதாரணத் தாள், கறுப்பு. சரசரவென்று வந்து விழுந்தது. அங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பிரிண்டரின் கை கால் நன்றாக இருக்கிறது. கோளாறு கணினி பக்கம், அல்லது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதையில். நகல் எடுக்கும் வசதி இல்லாத பிரிண்டராக இருந்தால், பொத்தானை அழுத்திப் பிடித்துச் சோதனைப் பக்கம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி இது. இதைச் செய்யாமல் மை மாற்றுவது, கேபிள் மாற்றுவது எல்லாம் இருட்டில் கல்லெறிவதுதான்.

அக்காவின் கணினியில் அச்சு அமைப்பைத் திறந்து பார்த்தேன். தாள் வகை: பளபளப்பான புகைப்படத் தாள். தரம்: மிக உயர்ந்தது. போன தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன் குடும்பப் படம் ஒன்றை அச்சடித்திருக்கிறான். நல்ல பிள்ளை, படம் அழகாக வந்திருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த அமைப்பையே நிரந்தரமாகச் சேமித்துவிட்டுப் போய்விட்டான். அன்று முதல் அக்காவின் பெருக்கல் வாய்ப்பாட்டுப் பயிற்றிகள் எல்லாம் கல்யாணப் படம் மாதிரி அச்சாகிக்கொண்டிருந்தன. புகைப்படத் தாள் என்று சொன்னால் மைத்தலை ஒரே வரியின் மேல் பல முறை போய் வரும். தாளை இம்மி இம்மியாகத்தான் நகர்த்தும். மையும் கூடுதலாகக் குடிக்கும். சாதாரணத் தாள், சாதாரணத் தரம் என்று மாற்றி, அதையே நிரந்தரமாக்கினோம். அன்றிரவு இடையிடையே பிரிண்டருக்கு ஓய்வு கொடுத்து அடித்தும், ஒரு மணி நேரத்திற்குள் 240 பக்கமும் முடிந்தது.

அதே பெட்டியில் இன்னொரு டிக் இருக்கும். இருதிசை அச்சு, அல்லது அதிவேகம் என்று பெயர். அது எடுபட்டுப் போயிருந்தால் மைத்தலை இடமிருந்து வலமாகப் போகும்போது மட்டும் அடிக்கும். திரும்பும்போது வெறுமனே வரும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். ஒரு நிரை மரத்தைச் சீவிவிட்டு, அடுத்த நிரையைச் சீவிக்கொண்டே திரும்பாமல், கையை வீசிக்கொண்டு தொடக்கத்துக்கு நடந்து வந்து மறுபடி ஆரம்பிப்பது மாதிரி. நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். டிக்கைப் போட்ட பிறகு நேர்கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மைத்தலையை நேர்ப்படுத்தும் வேலை பிரிண்டரின் பராமரிப்புப் பட்டியலிலேயே இருக்கிறது.

ஓசை குறைப்பு முறை என்று ஒன்றும் உண்டு. வீட்டில் குழந்தை தூங்குகிறது என்று என்றோ போட்டிருப்போம். குழந்தை இப்போது நாலாம் ஆண்டு படிக்கும். பிரிண்டர் இன்னும் பூனை நடை நடந்துகொண்டிருக்கும்.

இந்த இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் அதன் மேல் கோபம் வராது. 1977-இல் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியின் மேல் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. மையைச் சூடாக்கினால் ஒரு குமிழி உண்டாகும். அந்தக் குமிழி மைத்துளியைத் தாளின் மேல் தள்ளும். கேனன், எச்பி பிரிண்டர்கள் இந்த வழியில் வேலை செய்கின்றன. எச்பியின் திங்க்ஜெட் 1984-இல் வந்தது. எப்சன் வேறு வழியில் போனது. மின்சாரம் பட்டால் வளையும் படிகத்தை வைத்து மையைத் தள்ளுகிறது. அந்த முறையில் வந்த முதல் ஸ்டைலஸ் 1993-இல் வெளியானது.

சூட்டில் வேலை செய்யும் மைத்தலை தொடர்ந்து அடித்தால் கொதித்துவிடும். ஆகவே அது தானாகவே இடைவெளி விட்டு மூச்சு வாங்கும். மை தீரும் தறுவாயில் இந்தச் சூடு இன்னும் கூடும், ஏனென்றால் ஓடும் மைதான் சூட்டை வெளியே கொண்டு போகிறது. தகரக் கூரை போட்ட பின்கட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு, நூறு பக்கம் ஒரே மூச்சில் அடித்துவிட்டு 'மெதுவாகிவிட்டதே' என்றால் அது நியாயமா? படிகம் வைத்த பிரிண்டர்களும் நீண்ட வேலைக்குப் பிறகு மோட்டாரைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நாம் செய்வது என்ன? அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோம். எப்சன் கையேடு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கட்டும், அரை மணி நேரம் சும்மா விடுங்கள், அணைத்து வைத்தால் அது தேறாது என்கிறது. ஓய்வு எடுக்கிறவரை எழுப்பி எழுப்பிப் படுக்க வைத்தால் களைப்பு தீருமா?

இரண்டு பெட்டி மை போடும் எச்பி பிரிண்டரில், ஒரு பெட்டி தீர்ந்து அதை எடுத்துவிட்டால், மற்றதை வைத்து அடித்துக் கொடுக்கும். ஆனால் நொண்டி நடைதான். வேகம் வேண்டுமென்றால் இரண்டையும் போடுங்கள்.

அடுத்தது பாதை. நம் வீடுகளில் வைஃபை பெட்டி முன்னறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இருக்கும். பிரிண்டர் பின்னறையில், நடுவில் இரண்டு சுவர், ஒரு குளிர்பதனப் பெட்டி. பழைய பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெரிசல் பண்ணுகின்றன. பக்கத்தின் நடுவே நின்று நின்று அடித்தால் ஒரு முறை யூஎஸ்பி கம்பியைச் செருகிப் பாருங்கள். வேகமாக வந்தால் குற்றவாளி வைஃபைதான். அந்தக் கம்பியும் ஐந்து மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பசார் மாலாமில் நீளமாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

தமிழ் வாசகர்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்தில், ஊசி அச்சுப்பொறிகளின் உள்ளேயே ஆங்கில எழுத்துகள் பதிந்திருந்தன. தமிழ் எழுத்து கிடையாது. தமிழை ஒரு படமாக, புள்ளி புள்ளியாகத்தான் அனுப்ப வேண்டும். ஆங்கிலப் பக்கம் கடகடவென்று வரும். தமிழ்ப் பக்கம் தவழ்ந்து வரும். இப்போது அந்த வேறுபாடு இல்லை. ஆனால் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் கோப்புகள் பள்ளிகளிலும் ஆலய அலுவலகங்களிலும் இன்னும் சுற்றுகின்றன. அவை அச்சில் உடைந்து வருவதால் 'படமாக அச்சிடு' என்ற டிக்கைப் போடுகிறோம். உடைந்து வரும் கோப்புக்கு அது சரியான மருந்து. நல்ல கோப்புக்கும் பழக்கத்தில் அதையே போட்டால், பக்கம் முழுவதையும் படமாக்கி அனுப்பக் கணினி திணறும், வைஃபையும் திணறும்.

கணினியில் வேலைகள் வரிசையில் தேங்கிக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். போன மாதம் பாதியில் நின்ற கோப்பு இன்னும் முதலாளி மாதிரி முன்னால் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கணினியை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 14.10.2025-இல் முடிந்ததால் பலர் விண்டோஸ் 11-க்கு மாறியிருக்கிறீர்கள். மாறும்போது விண்டோஸ் தன் கையில் இருக்கும் பொதுவான இயக்கியைப் போட்டுக்கொள்ளலாம். அச்சு வரும், நான் சொன்ன டிக்குகள் பல அதில் இருக்காது. நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரிய இயக்கியை எடுத்துப் போடுங்கள்.

இனி நகல் எடுத்தாலும் மெதுவாகத்தான் வருகிறது என்பவர்களுக்கு. நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். பயந்து சுவர் சுவிட்சைத் தட்டி அணைப்பது நம் எல்லார் வீட்டிலும் பழக்கம். பிரிண்டருக்கு இது கெடுதல். அதன் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் மைத்தலை ஓரத்துக்குப் போய் மூடியின் மேல் உட்காரும். சுவரில் பட்டென்று அணைத்தால் அது நடு வழியில் வாயைத் திறந்தபடி நிற்கும். மை காய்ந்து தலைமுடியை விட மெல்லிய துளைகள் அடைபடும். அடுத்த முறை போட்டதும் சுத்தம் செய்கிறேன் என்று நிமிடக்கணக்கில் முனகும். முதலில் பொத்தான், சத்தம் அடங்கட்டும், பிறகு சுவர் சுவிட்ச். மின்னல் பயமும் தீரும், மையும் மிஞ்சும்.

கடலோர ஊர்க்காரர்களுக்குத் தாளும் எதிரி. பிரித்த தாள் கட்டு ஈரக் காற்றைக் குடித்து வளைந்துவிடும். பிரிண்டர் அதை இழுக்கத் தவறி மறுபடி மறுபடி முயலும். நம் காதுக்கு அது மந்தமாகத் தெரியும். மிச்சத் தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். பழைய பிஸ்கட் டின் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

மூடியைத் திறந்தால் மைத்தலை ஓடும் பாதையில் மெல்லிய கண்ணாடி போன்ற பட்டை ஒன்று குறுக்கே போகும். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இருக்கின்றன. மைத்தலை தான் எங்கே இருக்கிறோம் என்பதை அந்தக் கோடுகளை எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. மைத்தூசி படிந்தால் வழி தெரியாமல் தடுமாறும், முட்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, நூல் உதிராத துணியைச் சுத்திகரித்த நீரில் லேசாக நனைத்து, பட்டையை இழுக்காமல் துடையுங்கள். ஒருவர் அந்த இரும்புத் தண்டில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பூஜை அறை இல்லை அது. தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

மைத்தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையை இரண்டு மூன்று தடவைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். வழித்தெடுத்த மை எல்லாம் அடியில் உள்ள பஞ்சில் போய்ச் சேர்கிறது. பஞ்சு நிறைந்துவிட்டது என்று பிரிண்டரே ஒரு நாள் வேலை நிறுத்தம் செய்துவிடும்.

கடையில் புதிதாக வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். எப்சன் எல் 3110 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33 பக்கம் என்பது மங்கலான வரைவுத் தரத்தில். ஐஎஸ்ஓ முறையில் அளந்தால் கறுப்பில் 10, வண்ணத்தில் 5. அந்தச் சிறிய எண்தான் உங்கள் வீட்டில் கிடைக்கப் போகும் வேகம். 'புதிதாக இருந்தபோது பறந்தது' என்று சொல்கிறவர்கள் பலர் பெரிய எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து, மைத்தலையே கருகிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். தலையின் விலையும் கூலியும், ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போய் வரும் செலவும் சேர்ந்தால் புதியதன் விலைக்கு அருகே வந்துவிடும். ஆனால் பழையதைக் குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கால்வாய் ஓரம் வீசவோ கூடாது. 2005-ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளில் மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனிக் குறியீடே இருக்கிறது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும் முன் மின்கம்பியையும் யூஎஸ்பி கம்பியையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் யூஎஸ்பி கம்பி வைப்பதில்லை.

நெறியாளர் மணியைப் பார்க்கிறார். கேள்வி கேட்கிறவர்கள் தயவு செய்து பிரிண்டரின் மாடல் எண்ணையும், நகல் பொத்தானை அழுத்தியபோது என்ன நடந்தது என்பதையும் முதலில் சொல்லுங்கள்.