பேர் விழாத வேலை



மலையகச் சிறுகதைகளிலே கொழுந்து பறிப்பவர் வருவார், கவ்வாத்து வெட்டுபவர் வருவார், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் தவறாமல் வருவார்கள். சாக்கைத் தோளிலே போட்டுக்கொண்டு லயத்துக்கு லயம் போத்தலும் தகரமும் சேர்க்கிறவர் கதாநாயகராக வந்த கதை என் வாசிப்பில் அகப்படவில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947 இல் எழுதிய மலையாள நாவலைச் சுந்தர ராமசாமி 'தோட்டியின் மகன்' என்று நமக்குத் தமிழிலே தந்தார். அது மலம் அள்ளியவர்களின் கதை. நான் பேச வந்தது, நாம் எறிந்ததிலிருந்து விலைபோகும் பொருளைப் பிரித்தெடுப்பவர்களைப் பற்றி.

ஊவாத் தோட்டங்களில் இவர்களுடைய வேலை ஏன் பெரிது என்பதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டவேண்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் சேவை செய்வதற்குத் தடையாக நின்றது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. முப்பத்தொரு வருடங்கள்! வரி கட்டாத நிலமா, வாக்குப் போடாத மக்களா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அத்தனை காலமும் லயத்துக் குப்பை கானிலே விழுந்தது. கான் ஓடைக்கும், ஓடை பதுளு ஓயாவுக்கும், பதுளு ஓயா மகாவலிக்கும் போகும். மகாவலி திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவிலே கடலைச் சேரும். இந்த நெடிய பயணத்தின் முதற் படியிலேயே குறுக்கே நீண்ட கை, அந்தச் சாக்குக்காரரின் கைதான்.

பதுளையிலே எங்கள் வீதிக்கு ஓர் அம்மா வருவார். முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர். ஒருநாள் வாளித் தண்ணீரிலே பிளாஸ்டிக் போத்தலின் துண்டொன்றையும் மூடியையும் போட்டுக் காட்டினார். "மூடி மெதக்கும், போத்தல் முங்கிரும் சேர். ரெண்டும் வேற வேற சாமான். கலந்து குடுத்தா கடக்காரரு வெலய கொறச்சிருவாரு" என்றார். இரசாயனப் பாடத்திலே அடர்த்தி என்று நாம் மனப்பாடம் செய்தது இதுவே. இரும்பா அலுமினியமா என்று பார்க்க முந்தானையிலே காந்தத் துண்டொன்று முடிந்து வைத்திருக்கிறார். மூலக்கனியத்திலிருந்து அலுமினியம் எடுப்பதற்குச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 5 வீதம் போதும், பழைய அலுமினியத்தை உருக்கி எடுப்பதற்கு. மிச்சமாகிற அந்த 95 வீதத்திலே இவருக்கு எத்தனை சதம் வருகிறது? கடை, கடைக்குப் பின் லொறி, லொறிக்குப் பின் கொழும்பு. விலையை நிர்ணயிப்பவர்கள் எல்லாரும் இவருக்கு மேலேதான்.

தோட்டத்திலே நிறை சரியாயிருந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். இதிலே எப்படி என்று கேட்டேன். "இதுக்கு அரப் பேரும் இல்ல சேர். மழ பேஞ்சா கடதாசி நனஞ்சிரும், அன்னிக்கி வெறுங்கையி" என்றார். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பதுளை மழையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது கொழும்பு மண்டபங்களிலே 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் அந்தச் சுழற்சியைச் சுழற்றுபவருக்கு அங்கே நாற்காலி போடுவதில்லை. இந்தியாவின் புனே நகரிலே இத்தொழிலாளர் 1993 இல் சங்கம் அமைத்தார்கள். பின்னர் அவர்களுடைய கூட்டுறவே மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்து வீடுவீடாகக் குப்பை சேகரிக்கிறது. நமது உள்ளூராட்சி மன்றங்கள் ஓர் அடையாள அட்டையும் ஒரு சோடிக் கையுறையும் கொடுத்துத் தொடங்கினாலே போதும். பிரிக்காமற் குவித்தால் என்னவாகும் என்பதை 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லையிலே கண்டோம். குப்பைமலை சரிந்து முப்பது பேருக்கு மேல் மாண்டார்கள்.

நேயர்களே, உடைந்த கண்ணாடியைக் கடதாசியிலே சுற்றித் தனியாக வையுங்கள். சென்ற மாதம் அந்த அம்மாவின் வலது பெருவிரலிலே துணி சுற்றியிருந்தது. யாரோ சோற்றோடு சேர்த்துக் கட்டியெறிந்த பல்புத் துண்டு. ஆஸ்பத்திரியிலே ஊசி போட்டுக்கொண்டு அன்று பின்னேரமே சாக்கோடு இறங்கிவிட்டாராம்.